மழலையருக்கான வாய்த்தசைப் பயிற்சி

வாய்த்தசைப் பயிற்சி என்பது உதடு, நாக்கு, தாடை, கன்னம், அண்ணம் ஆகிய உறுப்புகளின் அசைவைச் சீராக்கும் நோக்கில் குழந்தைகளுக்கு அளிக்கப்படும் பயிற்சிகளின் பொதுப்பெயர் ஆகும். மருத்துவமனைகளிலும் பயிற்சி மையங்களிலும் இது ‘ஓரல் மோட்டார்’ பயிற்சி என்றே பெரும்பாலும் வழங்குகிறது. ஊதுதல், உறிஞ்சுதல், மெல்லுதல், நாக்கை நீட்டி மடக்குதல், உதட்டைக் குவித்து விரித்தல், வாயின் உள்ளும் புறமும் தடவிக் கொடுத்தல் போன்றவை இதில் அடங்கும். பேசத் தாமதமாகும் 1 முதல் 3 வயது வரையுள்ள மழலையருக்கு இப்பயிற்சியும் இதற்கான கருவிகளும் பல நாடுகளில் பரிந்துரைக்கப்பட்டு வருகின்றன.

உண்ணுதல், மெல்லுதல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் சிக்கல்களுக்கு இதன் சில வகைகள் பயன்படுகின்றன. ஆனால் பேச்சொலி எழுப்பாமல் செய்யப்படும் வாய் அசைவுகள் குழந்தையின் பேச்சைத் திருத்தும் என்பதற்கு வலுவான சான்று இதுவரை கிடைக்கவில்லை. மொழி வளர்ச்சிக்கு முதல் மூன்று ஆண்டுகள் மிக முக்கியமானவை. எனவே எந்தப் பயிற்சி எதற்குப் பயன்படும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியமாகிறது.

பேச்சு உறுப்புகள்

நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று குரல்வளையில் ஒலியாகி, வாயிலும் மூக்கிலும் வடிவம் பெற்றுப் பேச்சாகிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக அமைந்த பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்று இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை விளக்குகிறது. இன்றைய ஒலியியலும் உறுப்புகள் பொருந்தும் இடத்தையும் காற்று வெளிவரும் விதத்தையும் கொண்டே ஒலிகளை வகைப்படுத்துகிறது.

ப, ம ஆகியவை இரண்டு உதடுகளும் சேர்வதால் பிறக்கின்றன. வகரத்தில் மேற்பல்லும் கீழுதடும் பொருந்துகின்றன. த, ந ஆகியவற்றில் நாக்கின் நுனி மேற்பல்லைத் தொடுகிறது. ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நாக்கு மேல்நோக்கி வளைய வேண்டும். ககரத்துக்கு நாக்கின் பின்பகுதி உயர்ந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஓர் எளிய சொல்லைச் சொல்லவே இத்தனை உறுப்புகளும் நொடியின் சிறு பகுதிக்குள் ஒன்றையொன்று அனுசரித்து அசைகின்றன.

இந்த அசைவுகளுக்கு வேகமும் துல்லியமும்தான் தேவை. பெரிய வலிமை தேவையில்லை. பேசும்போது உதடுகள் தம் முழு வலுவில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துவதாக அளவீடுகள் காட்டுகின்றன. தாடையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பால் குடிக்கவும் சோறு மெல்லவும் முடிகிற குழந்தைக்குப் பேசுவதற்குப் போதிய வலிமை பெரும்பாலும் இருக்கிறது.

மழலைப் பேச்சின் படிகள்

பிறந்த சில மாதங்களில் குழந்தை உயிரொலிகளை இழுத்து எழுப்பத் தொடங்குகிறது. 6 முதல் 10 மாதங்களுக்குள் ‘பபப’, ‘மமம’, ‘ததத’ என அசைகளை அடுக்கும் பருவம் வருகிறது. ஏறத்தாழ 1 வயதில் பொருளுள்ள முதல் சொல் தோன்றுகிறது. 2 வயதுக்குள் சுமார் 50 சொற்களும் ‘அம்மா வா’, ‘பால் தா’ போன்ற இருசொல் தொடர்களும் வருவது வழக்கம். 3 வயதில் குழந்தை பேசுவதில் பெரும்பகுதி வெளியாருக்கும் புரிய வேண்டும்.

அம்மா, அப்பா, பாப்பா, மாமா, தாத்தா, காக்கா என்று குழந்தையிடம் முதலில் புழங்கும் தமிழ்ச் சொற்களில் ஓரசையே பெரும்பாலும் இரட்டித்து வருகிறது. மம்மு, பாச்சி போன்ற மழலைச் சொற்களும் எளிய அசைகளால் ஆனவை. உதட்டொலிகளும் மூக்கொலிகளும் பொதுவாக முந்தி வருகின்றன. ர, ற, ழ போன்றவை பிந்தி வருகின்றன. ‘ராஜா’ என்பதை ‘லாஜா’ என்றும், ‘காக்கா’ என்பதை ‘தாத்தா’ என்றும் மழலையர் சொல்வது இயல்பான வளர்ச்சியின் பகுதியாகும்.

கருவிகள்

வாய்த்தசைப் பயிற்சிக்கெனத் தயாரிக்கப்படும் கருவிகள் இன்று இணைய வணிகத் தளங்களிலும் கிடைக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை:

• ஊதல்கள்: ஊத எளிதானது முதல் கடினமானது வரை வரிசைப்படுத்தப்பட்ட தொகுப்பாக விற்கப்படுகின்றன. உதட்டைக் குவிப்பதும் மூச்சை அளந்து விடுவதும் இவற்றின் நோக்கமாகக் கூறப்படுகிறது. தமிழகச் சிற்றூர்களில் பிள்ளைகள் பூவரசம் இலையைச் சுருட்டிச் செய்யும் பீப்பியும் திருவிழாக் கடை ஊதலும் இதே வேலையைச் செய்பவை.

• உறிஞ்சு குழல்கள்: நீளம், விட்டம், வளைவு ஆகியவற்றில் வேறுபடும் ஸ்ட்ராக்கள். நாக்கைப் பின்னிழுத்து உதட்டை மூடிப் பழக்குவதற்கு எனப் பரிந்துரைக்கப்படுகின்றன.

• மெல்குழாய்கள்: நச்சற்ற ரப்பர் அல்லது சிலிக்கோனால் ஆன, கடித்து மெல்லத்தக்க குழாய்கள். கடைவாயில் வைத்துத் தாடை அசைவைப் பழக்குகின்றனர். கண்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு மாற்றுப் பொருளாகவும் தரப்படுகின்றன.

• அதிர்வுக் கருவிகள்: மின்கலத்தால் இயங்கும் சிறு கோல்கள். உதடு, கன்னம், நாக்கு ஆகியவற்றில் தொடு உணர்வைத் தூண்டப் பயன்படுகின்றன.

• தூரிகைகளும் விரலுறைகளும்: வாயின் உட்புறத்தைத் தடவிக் கொடுக்க உதவுபவை. வாயில் எதையும் வைக்க விடாத குழந்தைக்குத் தொடுதலைச் சிறிது சிறிதாகப் பழக்கவும், பல் துலக்கப் பழக்கவும் பயன்படுகின்றன.

• கடிகட்டைகளும் நா அழுத்திகளும்: தாடையை ஒரே நிலையில் நிறுத்தவும், நாக்கு செல்ல வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டவும் உதவும் தட்டையான கட்டைகள்.

• கண்ணாடி: குழந்தை தன் வாயையும் பயிற்சியாளரின் வாயையும் அருகருகே பார்த்துப் பின்பற்ற உதவுவது. இப்பட்டியலில் செலவே இல்லாததும் பேச்சோடு நேரடியாக இணைவதும் இதுவே.

சோப்பு நுரைக் குமிழ், பனையோலைக் காற்றாடி, இறகு, பஞ்சு உருண்டை ஆகியவை ஊதும் விளையாட்டுகளுக்குப் பயன்படுகின்றன. புளிப்பும் குளிர்ச்சியும் கொண்ட பொருள்களை நாக்கில் படவைத்து உணர்வைத் தூண்டும் முறையும் உண்டு. எலுமிச்சைச் சாறு இதற்குப் பலகாலமாகப் பயன்பட்டு வருகிறது. விழுங்குதலைத் தூண்டும் முயற்சிகளில் இதற்கு இடம் உண்டு. பேச்சை வரவழைக்கும் முறையாக இதைக் கருத இயலாது. விழுங்குவதில் சிக்கல் உள்ள குழந்தைக்கு எந்தத் திரவத்தையும் மருத்துவ ஆலோசனையின்றி வாயில் விடக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடலாம்.

பாதுகாப்பு

3 வயதுக்கு உட்பட்ட குழந்தை எந்தப் பொருளையும் விழுங்க முயலும். ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் அடங்கிவிடும் பொருள் எதுவும் இந்த வயதில் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. ஊதலுக்குள் இருக்கும் சிறு உருண்டை, ஊதாத அல்லது வெடித்த பலூன் துண்டு, அதிர்வுக் கருவியின் பொத்தான் மின்கலம் ஆகியவை குறிப்பாக ஆபத்தானவை. மெல்லும் பயிற்சி என்று எண்ணி முழு வேர்க்கடலையையோ கடினமான மிட்டாயையோ தருவதும் தவறு. கருவிகளைக் குழந்தைகளுக்குள் மாற்றிப் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுச் செல்லக்கூடாது.

வரலாறு

வாயைத் தொட்டும் பிடித்தும் பேச்சைப் பழக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் எட்னா ஹில் யங் உருவாக்கிய தொடு அசைவு முறை 1938இல் நூலாக வெளிவந்தது. குழந்தையின் முகத்திலும் தாடையிலும் பயிற்சியாளர் கைவைத்து, ஒலி பிறக்கும் அசைவை உணரச் செய்வது அம்முறை. அர்ஜென்டினா மருத்துவர் ரொடால்ஃபோ காஸ்டியோ மொராலஸ், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு முகத் தசைகளைத் தூண்டும் முறையையும் மேலண்ணத்தில் பொருத்தும் தகட்டையும் பயன்படுத்தினார். அமெரிக்காவின் டெபரா ஹேடன் வகுத்த ‘பிராம்ப்ட்’ முறையில், சொல்லைச் சொல்லும் அதே நேரத்தில் தொடு குறிப்புகள் தரப்படுகின்றன. பின்னர் சாரா ரோசன்ஃபெல்ட் ஜான்சன் ஊதல்களையும் உறிஞ்சு குழல்களையும் படிநிலையாக அடுக்கி அறிமுகப்படுத்திய தொகுப்புகள் பல நாடுகளில் பரவின.

இம்முறைகளைச் சேர்த்துப் பேசும்போது ஒரு வேறுபாடு மறைந்துவிடுகிறது. யங், ஹேடன் ஆகியோரின் முறைகளில் குழந்தை ஒலி எழுப்புகிறது. தொடுதல் அதற்குத் துணை. ஊதல், குழல் பயிற்சிகளில் குழந்தை பேசுவதில்லை. ஆய்வாளர்களின் ஐயம் எழுந்தது இந்த இரண்டாம் வகையின் மீதுதான்.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர்களிடையே கிரெகரி லாஃப், மேகி வாட்சன் ஆகியோர் நடத்தி 2008இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 85 விழுக்காட்டினர் பேச்சொலி இல்லாத வாய்ப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகக் கூறினர். அடுத்த ஆண்டிலேயே மெக்காலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையான தொகுப்பாய்வு, இப்பயிற்சிகளை ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று முடித்தது. 2015இல் ஆலிஸ் லீ, ஃபியோனா கிப்பன் ஆகியோர் காக்ரேன் நிறுவனத்துக்காகச் செய்த தொகுப்பாய்வில் தகுதிபெற்றவை 3 ஆய்வுகள் மட்டுமே. அவற்றில் இடம்பெற்ற குழந்தைகள் மொத்தம் 22 பேர். பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று அவற்றில் கிடைக்கவில்லை.

பலன் ஏன் தெளிவாகத் தெரியவில்லை என்பதற்குச் சில விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, ஒரே தசை வெவ்வேறு செயலில் வெவ்வேறு விதமாக இயங்குகிறது. கிறிஸ்டோபர் மூர், ஜாக்கி ருவார்க் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 15 மாதக் குழந்தைகளின் தாடைத் தசை மின்னோட்டம் பதிவு செய்யப்பட்டது. மெல்லும்போதும் உறிஞ்சும்போதும் தசைகள் இணைந்த விதம், அசைகளைச் சொல்லும்போது இணைந்த விதத்திலிருந்து வேறுபட்டிருந்தது. மெல்லுதல் முதிர்ந்து பேச்சாக மாறுவதில்லை. இரண்டும் தனித்தனிப் பாதையில் வளர்கின்றன.

இரண்டாவது, பழகியது எதுவோ அதுவே கைவருகிறது. நீச்சல் கற்க வேண்டியவரைக் கரையில் நிறுத்திக் கையசைக்கச் சொன்னால் நீச்சல் வராது. ஊதிப் பழகும் குழந்தை நன்றாக ஊதுகிறது. பிளவு அண்ணம் உள்ள குழந்தைகளிடம் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஊதும்போது மென்னண்ணம் மூடிக்கொள்ளும் விதமும் பேசும்போது மூடிக்கொள்ளும் விதமும் வேறு என்பதால், ஊதும் பயிற்சியால் மூக்கொலிப் பேச்சு சரியாவதில்லை.

மூன்றாவது, பேச்சுத் தாமதத்துக்கான காரணம் பல குழந்தைகளிடம் வாயில் இல்லை. காது கேளாமை, அறிவு வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், மொழியைக் கற்பதில் உள்ள தனிச் சிக்கல் ஆகியவை முக்கியக் காரணங்கள். காது கேளாத குழந்தையின் நாக்கை எத்தனை மாதம் பயிற்றினாலும் கேளாத ஒலியை அது கற்காது. அந்த மாதங்களில் செவிக்கருவி கிடைத்திருக்கும் என்பதே இங்கு உண்மையான இழப்பு.

பயன்படும் இடங்கள்

மேற்கண்ட முடிவுகளைக் கொண்டு வாய்த்தசைப் பயிற்சி அனைத்தையும் ஒதுக்கிவிட இயலாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உணவூட்டும்போது தலையையும் தாடையையும் தாங்கிப் பிடிக்கும் முறை, உணவின் பதத்தைப் படிப்படியாக மாற்றுதல், கரண்டியைக் கீழுதட்டில் வைத்து உதட்டை மூட விடுதல் ஆகியவை உணவூட்டும் பயிற்சியின் பகுதிகள். குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சலைத் தூண்டுதல், குழைந்த உணவை மட்டும் ஏற்கும் குழந்தைக்கு மெல்லப் பழக்குதல், தொடுதலைத் தாங்காத வாய்க்கு அதைப் பழக்குதல் ஆகியவற்றிலும் வாய்த்தசை முறைகளுக்கு இடம் உண்டு. இவற்றின் பயனை உணவு, உடல் எடை, பாதுகாப்பாக விழுங்குதல் ஆகியவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

எச்சில் வடிதல் 2 வயது வரை இயல்பானது. சில குழந்தைகளிடம் அதற்குப் பின்னும் நீடிக்கும். அது மட்டுமே பேச்சுக் குறையின் அடையாளம் ஆகாது.

பேச்சை நேரடியாகப் பழக்கும் முறைகள்

பேச்சொலிச் சிக்கல் உறுதியான குழந்தைக்குப் பேச்சையே பொருளாகக் கொண்ட பயிற்சி அளிக்கப்படுகிறது. ‘என்னைப் பார், நான் சொல்வதைக் கேள், சேர்ந்து சொல்’ என்ற வரிசையில் பயிற்சியாளர் மெதுவாகச் சொல்ல, குழந்தை உடன் சொல்கிறது. பிறகு பயிற்சியாளர் ஒலியின்றி வாயை மட்டும் அசைக்கிறார். கடைசியில் குழந்தை தனியே சொல்கிறது. பேச்சு அசைவுகளைத் திட்டமிடுவதில் சிக்கலுள்ள குழந்தைகளுக்காக எடித் ஸ்ட்ராண்ட் வகுத்த முறையும் இந்த அடிப்படையிலானது. தேவைப்படும்போது உதட்டையோ தாடையையோ விரலால் தொட்டுக் காட்டுவதும் உண்டு.

ஒலி வேறுபாட்டால் பொருள் மாறும் சொல் இணைகளைப் பயன்படுத்துவது மற்றொரு முறை. ‘காக்கா’ என்பதைத் ‘தாத்தா’ என்று சொல்லும் குழந்தையின் முன் இரண்டு படங்களும் வைக்கப்படுகின்றன. குழந்தை ‘தாத்தா’ என்று சொன்னால் பயிற்சியாளர் தாத்தாவின் படத்தை எடுத்துக் கொடுக்கிறார். தான் கேட்டது வரவில்லை என்பதைக் குழந்தை உணர்ந்து, ஒலியை மாற்ற முயல்கிறது. காய், தாய், பால், வால், பல், கல் போன்ற இணைகளும் தமிழில் எளிதாகக் கிடைக்கின்றன. வழக்கமாக 3 வயதைக் கடந்த, ஓரளவு பேசும் குழந்தைகளுக்கே இது பொருந்தும்.

இன்னும் பேசத் தொடங்காத மழலைக்கு வீட்டுப் பேச்சே முதல் பயிற்சி. குழந்தையின் கண் மட்டத்தில் அமர்தல், அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லுதல், சொன்னபின் சில நொடி காத்திருத்தல், அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி தருதல் ஆகியவை இதன் அடிப்படைகள். குழந்தை ‘பா’ என்றால், ‘பாலா? பால் வேணுமா?’ என்று ஒரு படி நீட்டிச் சொல்ல வேண்டும். ‘பால்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’ என்று வற்புறுத்துவது குழந்தையைப் பேச்சிலிருந்து விலக்கிவிடும். இதற்குத் தனி நேரமோ கருவியோ தேவையில்லை. காய் அரியும்போதும், பீடி சுற்றும்போதும், குளிப்பாட்டும்போதும் பேசலாம்.

ஊதலும் குமிழும் இங்கே வேறொரு விதத்தில் பயன்படுகின்றன. குமிழை ஊதிவிட்டுக் காத்திருந்தால், மறுபடி வேண்டும் என்பதற்காகக் குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, ‘ஊது’ என்று சொல்ல முயல்கிறது. பயன் தருவது அந்தக் கொடுக்கல் வாங்கலே. கைபேசித் திரை மறுமொழிக்காகக் காத்திருப்பதில்லை. 2 வயதுக்கு உட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் உலக நல அமைப்பு 2019இல் வழிகாட்டியது.

வட்டார வழக்கும் பேச்சுக் குறையும்

தென் மாவட்டங்களின் பேச்சு வழக்கில் ‘வாழைப்பழம்’ என்பது பலரிடம் ‘வாளப்பளம்’ என்றே ஒலிக்கிறது. வீட்டில் ழகரத்தைக் கேளாத குழந்தை ளகரத்தைச் சொல்வது வட்டார வழக்கு. அதற்கு நாக்குப் பயிற்சி தேவையில்லை. எழுத்துத் தமிழின் ழகரத்தைப் பள்ளியில் பின்னர் கற்றுக்கொள்ளலாம். ழகரம் தாமதமாகவே வரும் ஒலி என்பதால், 3 வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. மதிப்பிடுபவர் குழந்தையின் வீட்டுப் பேச்சை அறிந்து, அதனோடு ஒப்பிட வேண்டும்.

வீட்டு வைத்தியங்களும் நம்பிக்கைகளும்

‘பிள்ளை வளர்ப்பான்’ எனப்படும் வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினால் பேச்சு விரைவில் வரும், நாக்குத் தடிப்பு நீங்கும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உள்ளது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் தீங்கு விளைவிக்கக்கூடியது. இதனால் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பது 1968இல் தடைசெய்யப்பட்டது. பேச்சு வளர்ச்சிக்கு அது உதவும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. தேனில் குழைத்துத் தருவது மற்றோர் ஆபத்து. 1 வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தருவதால் பாட்டுலிசம் என்னும் கடுமையான நச்சுநோய் வரக்கூடும்.

நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருப்பது நாக்குக் கட்டு எனப்படும். அது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிக்கல் தரலாம். பேச்சு தொடங்கத் தாமதமாவதற்கு அது காரணமில்லை. காரணத்தைத் தேடாமல் சவ்வை வெட்டிவிட்டுப் பேச்சுக்காகக் காத்திருப்பது காலத்தை வீணாக்கும். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று காத்திருப்பதும் இத்தகையதே. தாமதமாகப் பேசும் பல குழந்தைகள் தாமாகவே சரியாகிவிடுவது உண்மை. எந்தக் குழந்தை சரியாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாததால் சோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

உடனே அணுக வேண்டிய அறிகுறிகள்

• பெயர் சொல்லி அழைத்தாலோ ஓசை கேட்டாலோ திரும்பாதிருத்தல் (எந்த வயதிலும்)
• 12 மாதத்தில் அசைகளை அடுக்காதிருத்தல். சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகள் இல்லாதிருத்தல்
• 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதிருத்தல்
• 24 மாதத்தில் இருசொல் தொடர் இல்லாதிருத்தல்
• வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோதல் (எந்த வயதிலும்)
• உணவு உண்ணும்போது அடிக்கடி புரையேறுதல், உடல் எடை கூடாதிருத்தல்

முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. குழந்தை தூங்கும்போதே செய்யத்தக்க ஓ.ஏ.இ., பெரா ஆகிய சோதனைகள் இதற்கு உள்ளன. கைதட்டினால் திரும்புகிறது என்பதைக் கொண்டு காது கேட்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. பேச்சுக்குத் தேவையான மெல்லிய ஒலிகள் மட்டும் கேளாதிருக்கலாம்.

புளியங்குடியிலும் தென்காசி மாவட்டத்திலும் சேவைகள்

புளியங்குடி, கொல்லம் திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூருக்கும் கடையநல்லூருக்கும் இடையில் அமைந்த நகராட்சி. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ளது. மாவட்டத் தலைநகர் இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருநெல்வேலியில் உள்ளது. வாரம் இருமுறை பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் சென்று வருவது, தோட்ட வேலையிலும் பீடி சுற்றுவதிலும் அன்றாடக் கூலி பெறும் குடும்பத்துக்கு எளிதன்று. எனவே வீட்டருகே கிடைக்கும் சேவையும், வீட்டாரே செய்யத்தக்க முறைகளும் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடி மையங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைச் சோதிக்கின்றன. சோதிக்கப்படும் நிலைகளில் காது கேளாமையும் மொழி வளர்ச்சித் தாமதமும் அடங்கும். குறை கண்டறியப்பட்டால் மாவட்ட அளவிலான இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால், குழு வரும் நாளைத் தெரிந்துகொள்ளலாம். கடுமையான செவித்திறன் குறையுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செவிநத்தைச் சுருள் பதிக்கும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்காக எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு. கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த இவர், 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கு இச்சங்கம் சிற்றூர்களிலும் பயிற்சி அளிக்கிறது. பயிற்சி பெற்ற சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர் முதலியோர் அவர்களை வழிநடத்துகின்றனர். குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்ய ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்னும் கைபேசிச் செயலியும் உருவாக்கப்பட்டுள்ளது. வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியை அமைப்பது இம்முறையின் அடிப்படை.

உலக வங்கி நிதியுதவியுடன் தமிழ்நாடு அரசு செயல்படுத்தும் ‘உரிமைகள்’ திட்டத்துக்கு முதற்கட்டமாகத் தேர்வான மாவட்டங்களில் தென்காசியும் ஒன்று. இத்திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்களில் பேச்சுப் பயிற்சியும் இடம்பெறுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் பணிபுரிகின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவில் பேச்சு, செவித்திறன் துறையில் பட்டம் பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரே பேச்சுப் பயிற்சியாளராகப் பணியாற்றத் தகுதியுடையவர். பதிவு எண்ணைக் கேட்பது பெற்றோரின் உரிமை. செவித்திறன் சோதனை முடிந்ததா, இந்தப் பயிற்சி உணவுக்கா பேச்சுக்கா, ஒவ்வொரு அமர்விலும் குழந்தை எவ்வளவு நேரம் ஒலி எழுப்புகிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும், முன்னேற்றம் எதைக் கொண்டு அளக்கப்படும் ஆகியவை கேட்க வேண்டிய கேள்விகள். முன்னேற்றத்தின் அளவுகோல் ஊதிய ஊதல்களின் எண்ணிக்கையாக இருந்தால், பயிற்சித் திட்டத்தை மறுபடி பேசி முடிவு செய்வது நல்லது. புதிதாக வந்த சொற்களும், பிறருக்குப் புரியும் பேச்சின் அளவும் அந்த அளவுகோலாக இருக்க வேண்டும்.